அலமாரி எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரி எந்த மொழிச் சொல், நம்மிடம் எப்படி வந்தது, மற்ற மொழிகளில் அதற்கு என்ன பொருள் என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாகத் தருகிறேன். பீரோவும் இடையில் வரும், அதை ஒதுக்கிவிட்டு அலமாரியைப் பற்றிப் பேச முடியாது. இந்தச் சொல்லின் கதை புரிய வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்: அந்தந்தக் காலத்தில், அந்தந்த ஊரில், அதற்குள் எதை வைத்தார்கள்? பொருள் மாறிய விதம் தானாகவே விளங்கிவிடும்.

அலமாரி தமிழ்ச் சொல் இல்லையா?

இல்லை. போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் அப்படித்தான் குறிக்கிறது. அதற்கு முந்தைய வேர் இலத்தீன்.

சிலர் இதைத் தொல்காப்பியத்தோடு இணைக்கப் பார்க்கிறார்கள். 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று உரியியலில் ஒரு நூற்பா உண்டு. அலமருதல் என்றால் சுழல்வது, மனம் கலங்கித் தடுமாறுவது. ஒலி நெருங்கி வருகிறதே தவிர, பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சுவரோரம் அசையாமல் நிற்கும் ஒன்றுக்குச் சுழற்சியிலிருந்து பெயர் வந்திருக்க வழியில்லை. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து வேர் சொல்லக் கூடாது என்பதற்கு இதை நல்ல உதாரணமாகச் சொல்லலாம்.

'அல்' என்று தொடங்குகிறதே, அப்படியானால் அரபுச் சொல்லா?

நியாயமான சந்தேகம். அல்ஜீப்ரா, ஆல்கஹால் போன்ற சொற்களின் தொடக்கத்தில் இருப்பது அரபு மொழியின் 'அல்'தான். உருதுவிலும் இந்தியிலும் 'அல்மாரி' சகஜமாகப் புழங்குவதால் இதுவும் அங்கிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் இந்தச் சொல்லின் மூல வடிவம் 'அர்மாரியம்'. தொடக்கத்தில் ல் கிடையாது, ர்தான். அது எப்படி மாறியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இலத்தீனில் அதற்கு என்ன பொருள்? ஆயுதப் பெட்டி என்கிறார்களே?

வேர் 'அர்மா'. ஆயுதங்கள் என்பது அதன் பரவலான பொருள். கருவிகள், தளவாடங்கள் என்றும் பொருள் உண்டு. அவற்றை வைக்கும் இடம் 'அர்மாரியம்'. ஆனால் ரோமானியர் எழுதியவற்றில் இந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால், உள்ளே வாளும் கேடயமும் இருப்பதைவிடப் பணமும் நகையும் ஏடும் இருப்பதுதான் அதிகம். ஆயுதம் சீக்கிரமே வெளியே போய்விட்டது.

கி.மு. 66இல் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ வாதாடிய ஒரு கொலை வழக்கில் அர்மாரியம் வருகிறது. லாரினம் என்ற ஊரில் சாஸியா என்ற பெண்மணியின் வீட்டில் பணமும் தங்கமும் வைத்திருந்த அர்மாரியம் இருந்தது. ஸ்டிராட்டோ என்ற அடிமை, இரவில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சக அடிமைகளைக் கொன்று மீன்குளத்தில் போட்டுவிட்டு, அர்மாரியத்தின் அடிப்பலகையை வட்டமாக அறுத்து உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டான். எப்படி அறுத்திருப்பான் என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவருக்கு, ஓர் ஏலத்தில் வளைந்த சிறு ரம்பம் ஒன்று விலைபோனது நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய் ஆளைக் கண்டுபிடித்தார்கள். 'பீரோவை உடைத்து நகை கொள்ளை' என்று இன்றைக்கு நாளிதழில் வரும் செய்திக்கும் இதற்கும் இரண்டாயிரம் வருட இடைவெளி.

பணம் மட்டுமல்ல, முன்னோர்களின் முகங்களையும் அதில்தான் வைத்தார்கள். உயர்குடி ரோமானியர் தங்கள் மூதாதையரின் முகங்களை மெழுகில் வார்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனி அர்மாரியத்தில் வைத்து, வீட்டின் முன்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். குடும்பத்தில் சாவு விழுந்தால் அந்த முகங்கள் இறுதி ஊர்வலத்தில் வெளியே வரும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் நகரில் கரியாகிப்போன மரச்சாமான்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றில் கதவு வைத்த அலமாரிகளும் இருக்கின்றன.

அப்புறம் புத்தகங்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இங்கிலாந்தின் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் ஒரு பெரிய பைபிள் பிரதி எழுதப்பட்டது. அதை ரோமுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோக மடத்தலைவர் கெயோல்ஃபிரித் 716இல் புறப்பட்டார், வழியிலேயே இறந்துபோனார். அந்தப் பிரதி இப்போது ஃபுளோரன்ஸ் நகரின் லாரன்ஷியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் பைபிளில் வரும் மறைநூல் அறிஞரான எஸ்ரா உட்கார்ந்து எழுதும் ஓர் ஓவியம் உண்டு. அவருக்குப் பின்னால் கதவு திறந்தபடி ஓர் அர்மாரியம், தட்டுகளில் ஒன்பது நூல்கள் படுத்தவாக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் வீட்டில் ஒரு குழந்தையிடம் அந்த ஓவியத்தைக் காட்டினால் 'அலமாரி' என்று உடனே சொல்லிவிடும்.

ஐரோப்பிய மடங்களில் புத்தகங்களைப் பாதுகாக்கும் துறவிக்கு 'அர்மாரியுஸ்' என்றே பெயர். அர்மாரியம் இல்லாத மடம் ஆயுதக் கிடங்கு இல்லாத கோட்டைக்குச் சமம் என்று 12ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுத் துறவி எழுதினார். மடத்தின் ஆயுதம் புத்தகம் என்பது அவர் சொல்ல வந்தது. தொலைந்துபோன ஆயுதப் பொருள், சொல்லுக்குள் ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ர் எப்படி ல் ஆனது? தமிழர்கள் மாற்றியதா?

நாம் மாற்றவில்லை. நம் கைக்கு வரும் முன்பே மாறிவிட்டது.

'அர்மாரியம்' என்பதில் இரண்டு ர் அடுத்தடுத்து வருகின்றன. அப்படி வந்தால் நாக்கு தடுமாறும், அதனால் ஒன்றை வேறு ஒலியாக்கிவிடும். உலக மொழிகள் பலவற்றில் நடக்கும் சாதாரண மாற்றம் இது. இலத்தீனின் 'பெரெக்ரீனுஸ்' ஆங்கிலத்தில் 'பில்கிரிம்' ஆனதும் இப்படித்தான். இடைக்கால இலத்தீனிலேயே 'அல்மாரியம்' என்ற வடிவம் வந்துவிட்டது. ஸ்பானியம், போர்ச்சுக்கீசியம் இரண்டிலும் 'அர்மாரியோ'வும் 'அல்மாரியோ'வும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. பிறகு படித்தவர்களின் எழுத்து மொழி ர் வடிவத்தையே வைத்துக்கொண்டது. ஆனால் ஸ்பானிய மொழியில் ஒரு மரபுத்தொடர் மட்டும் பழைய ல் வடிவத்தை விடவில்லை. மனவலிமையும் திறமையும் உள்ளவரைப் பற்றி, அவர் ஆன்மா அவருடைய 'அல்மாரியோ'வில் இருக்கிறது என்பார்கள். ஆன்மாவுக்கு அவர்கள் மொழியில் 'அல்மா' என்று பெயர். அந்த ஒலிப் பொருத்தம்தான் ல் வடிவத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

கப்பலில் வந்தவர்கள் பேசியது எழுத்து மொழி அல்ல. மாலுமிகளும் சிப்பாய்களும் தச்சர்களும் வாயால் சொன்ன ல் வடிவமே ஆசியா முழுக்கப் பரவியது.

ஐரோப்பாவில் இன்றைக்கு இந்தச் சொல் எந்தெந்த உருவில் இருக்கிறது?

ஸ்பானியத்தில் அர்மாரியோ. இத்தாலியத்தில் 'அர்மாதியோ', அங்கே இரண்டாவது ர்தான் மாறியிருக்கிறது. பிரெஞ்சில் 'அர்முவார்'. ஸ்லோவீனிய மொழியில் 'ஓமரா', குரோவாஷியத்தில் 'ஒர்மார்'. செக் மொழியில் 'அல்மரா', ஹங்கேரியில் 'அல்மாரியம்'. இந்த இரண்டும் இப்போது கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் சொற்கள். வேல்ஸ் மொழியில் 'அல்மாரி' என்று அச்சு அசல் இந்திக்காரர் சொல்வது போலவே இருக்கிறது.

ஆங்கிலத்தின் கதை தனி. இடைக்காலத்தில் 'அல்மரி' என்று இருந்து, 'ஆம்ப்ரி' என்று சுருங்கி, தேவாலயச் சுவரில் புனிதப் பாத்திரங்கள் வைக்கும் மாடத்தின் பெயராக ஒடுங்கிப்போனது. பிச்சை என்று பொருள்படும் 'ஆம்ஸ்' என்ற சொல்லோடு குழப்பி, தர்மத்துக்கான பொருள்களை வைக்கும் இடம் என்றும் சிலர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே இருந்த அல்மாரியைப் புதுச்சொல் என்று எண்ணி 'அல்மைரா' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் இருந்த ஆம்ப்ரியும் இந்தியாவில் கேட்ட அல்மைராவும் ஒரே சொல். இந்திய அரசு அலுவலகங்களின் பொருள் பட்டியல்களில் அல்மைரா இன்றும் இருக்கிறது.

பிரான்சில் கண்ணாடி பதித்த அர்முவார் என்று ஓர் ஆளைச் சொன்னால், வாட்டசாட்டமானவர் என்று அர்த்தம். இத்தாலியிலும் பெருத்த உடம்புக்காரரை அர்மாதியோ என்பார்கள்.

தமிழகத்துக்கு எப்போது வந்தது?

16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தொடர்பு. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார், 1510இல் கோவா போர்ச்சுக்கீசியர் கைக்குப் போனது. நம் பக்கம் சாந்தோம், நாகப்பட்டினம், தூத்துக்குடி எங்கும் அவர்கள் குடியேறினார்கள். 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கத்தோலிக்கர் ஆனார்கள். அங்கே ஊழியம் செய்த அன்றிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அவர்கள் ஆட்சி போன பிறகும் மொழி போகவில்லை. 18ஆம் நூற்றாண்டு வரை நம் துறைமுகங்களில் ஐரோப்பியரோடு பேச ஒரு வகைப் போர்ச்சுக்கீசியம்தான் பொது மொழி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியரான சீகன்பால்கு தமிழோடு போர்ச்சுக்கீசியத்தையும் கற்க வேண்டியிருந்தது.

சாவி, சன்னல், மேசை, ஏலம், மேஸ்திரி, பீப்பாய், பாதிரி, அன்னாசி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அதற்கு முன் நம் வீட்டில் துணிமணியை எதில் வைத்தார்கள்? அலமாரியே இல்லையா?

வைக்க நிறைய இடம் இருந்தது, ஆனால் எல்லாம் வேறு வடிவம். பெட்டி, பேழை, பெட்டகம் என்று மேலே மூடி திறப்பவை. துணிக்குக் கொடி. நெல்லுக்குக் குதிர். தயிருக்கும் வெண்ணெய்க்கும் உறி. அன்றாடம் வேண்டாத பாத்திரத்துக்குப் பரண். விளக்குக்குச் சுவரில் குடைந்த மாடம். ஓலைச்சுவடிகளைக் கட்டிப் பெட்டியிலோ பரணிலோ வைத்தார்கள். ஓலையை நிமிர்த்தி நிறுத்தி அடுக்க வேண்டிய தேவையே இல்லை.

தரையில் உட்கார்ந்து, தரையில் சாப்பிட்டு, தரையில் படுக்கும் வீட்டில் பெட்டி தரையில் இருப்பதுதான் வசதி. உட்கார்ந்தபடியே திறக்கலாம். ஆள் உயரத்துக்கு நின்று, முன்பக்கம் இரண்டு கதவு திறந்து, உள்ளே தட்டுத் தட்டாகப் பிரிந்திருக்கும் சாமான், நாற்காலியும் மேசையும் போட்டு வாழ்கிறவர்களோடு வந்தது. பொருள் புதிது, அதனால் பெயரும் கூடவே வந்தது என்பது என் எண்ணம்.

எல்லாக் கடன்சொல்லுக்கும் இந்த விளக்கம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுக்கீசியர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் காலதர் இருந்தது, காற்று வரும் வழி என்று எவ்வளவு அழகான சொல் அது. சாளரம் இருந்தது, பலகணி இருந்தது. இருந்தும் சன்னல்தான் நிலைத்தது. தேவை இல்லாமலும் சொல் நுழையும். அலமாரி அப்படி நுழைந்தது அல்ல.

இலங்கைத் தமிழர் 'அலுமாரி' என்கிறார்களே, அது பேச்சுத் திரிபா?

திரிபு என்று சொல்லாதீர்கள். அது அவர்களுடைய வடிவம், அங்கே எழுத்திலும் அதுதான். சிங்களத்தில் 'அல்மாரிய'.

இலங்கைத் தமிழில் போர்ச்சுக்கீசியம் தமிழகத்தைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. நாற்காலிக்குக் கதிரை, ரொட்டிக்குப் பாண், காலணிக்குச் சப்பாத்து, சமையலறைக்குக் குசினி, கடப்பாரைக்கு அலவாங்கு. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்ச்சுக்கீசியரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், அதை அவர்களிடமிருந்து பிடித்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒல்லாந்தர் இருந்தார்கள்.

இப்போது ஓர் அலுமாரியின் முன்னால் நின்று பாருங்கள். அலுமாரி போர்ச்சுக்கீசியம். அதில் இழுத்துத் திறக்கும் அறைக்கு யாழ்ப்பாணத்தில் 'லாச்சி' என்பார்கள். அது 'லாச்சா' என்பதுபோல் ஒலிக்கும் ஒல்லாந்துச் சொல், இழுப்பறை என்று பொருள். பூட்டைத் திறப்பது 'திறப்பு', சுத்தத் தமிழ். தமிழகத்தில் நாம் அதற்குச் சாவி என்று போர்ச்சுக்கீசியச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கும்போது, அலுமாரியையும் கதிரையையும் ஏற்ற யாழ்ப்பாணத்தார் திறப்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஈழத்துத் தமிழில் பிறமொழி அதிகம் என்று சொல்கிறவர்களும், அது கலப்பே இல்லாத தமிழ் என்று சொல்கிறவர்களும் இந்த ஒரு சாமானைப் பார்த்தால் போதும்.

மலாய், இந்தோனேசிய மொழிகளிலும் இருக்கிறதாமே?

ஆமாம். மலாயில் 'அல்மாரி', இந்தோனேசியாவில் 'லெமாரி'. 1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள், 1641இல் ஒல்லாந்தர் அதைப் பறித்தார்கள். இலங்கையில் நடந்த வரிசையே அங்கும். அதனால் சொற்களும் அதே வரிசையில் படிந்திருக்கின்றன. இந்தோனேசியாவில் லெமாரி போர்ச்சுக்கீசியம், அதன் இழுப்பறை 'லாச்சி' ஒல்லாந்து. ஜகார்த்தாக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே இந்த இரண்டு சொல்லையும் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்குச் சப்பாத்து 'செபாத்து', சன்னல் 'ஜெண்டேலா', மேசை 'மேஜா'.

குளிர்சாதனப் பெட்டி விஷயத்தில் நம் சொல்லும் உள்ளே வருகிறது. இந்தோனேசியாவில் அதற்கு 'லெமாரி எஸ்' என்று ஒரு பெயர் உண்டு, பனிக்கட்டி அலமாரி என்று அர்த்தம். மலேசியாவில் 'பெத்தி செஜுக்', அதாவது குளிர்ப் பெட்டி. அந்தப் 'பெத்தி' நம் தமிழ்ப் பெட்டிதான். கடல் கடந்து போன வணிகர்களோடு அது மலாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூடியைத் தூக்கும் தமிழ்ப் பெட்டியும், கதவைத் திறக்கும் ஐரோப்பிய அலமாரியும் அடுத்தடுத்த இரண்டு நாடுகளில் ஒரே பொருளுக்குப் பெயராக நிற்கின்றன. போர்ச்சுக்கீசியருக்கும் நாம் கொடுத்திருக்கிறோம். சுருட்டு அவர்கள் மொழியில் 'சருத்து' ஆனது, கஞ்சி 'கான்ஜா' என்ற கோழி சூப் ஆனது.

வட இந்தியாவில்?

இந்தி, உருது, வங்காளம் எல்லாவற்றிலும் அல்மாரிதான். ஆப்கானிஸ்தானின் தாரி மொழி வரைக்கும் போயிருக்கிறது. மலையாளத்தில் 'அலமாரா'. மராத்தியில் 'கபாட்' என்ற சொல்லே அதிகம். சமஸ்கிருதத்தில் கபாடம் என்றால் கதவு. கபாடபுரம் என்ற பெயரில் நமக்கும் தெரிந்த சொல். மராத்தியில் கதவின் பெயர் கதவு வைத்த சாமானுக்கே ஆகிவிட்டது.

பீரோவும் அலமாரியும் ஒன்றா?

தமிழகத்தில் பேச்சு வழக்கில் ஒன்றல்ல. சுவரிலேயே கட்டிய தட்டுகள், புத்தகம் வைக்கும் கண்ணாடிக் கதவுச் சாமான், சமையலறையில் டப்பா அடுக்கும் இடம் இவையெல்லாம் அலமாரி. தனியாக நிற்கும் இரும்புச் சாமான், உள்ளே லாக்கர், பூட்டு சாவி என்றால் பீரோ. கல்யாணச் சீரில் கட்டிலோடு பீரோ போகும், அலமாரி போகாது. தெலுங்கில் 'பீருவா', கன்னடத்தில் 'பீரு'.

பீரோ பிரெஞ்சுச் சொல். அது ஏறி வந்த படிகள் அலமாரியின் கதைக்குக் குறைந்தவை அல்ல. 'பூர்' என்பது முரட்டுக் கம்பளித் துணி, துறவிகள் உடுத்தும் அங்கிக்கும் அதே பெயர். கணக்குப் பார்க்கும் மேசைமேல் விரித்த அந்தத் துணி 'பியூரோ'. பிறகு துணியின் பெயர் மேசைக்கு வந்தது, மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கு, அறையின் பெயர் அலுவலகத்துக்கு. 18ஆம் நூற்றாண்டில் மேசையில் உட்கார்ந்து ஆள்பவர்களின் ஆட்சி என்ற பொருளில் 'பியூரோகிரசி' பிறந்தது. அந்தச் சொல்லை உண்டாக்கியவர் என்று பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் வின்சென்ட் து குர்னேயைச் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் இழுப்பறைகள் வைத்த எழுத்து மேசைக்குப் பியூரோ என்று பெயர். அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைச் சாமான். தமிழில் அது இரும்புக்குப் போனது. பம்பாயில் பூட்டு செய்து பெயர் பெற்ற கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரிகள் செய்யத் தொடங்கியது. கரையான் அரிக்காது, உடைப்பது கடினம். ஊருக்குள் வங்கி இல்லாத காலத்தில் நகையும் பத்திரமும் பட்டுப்புடவையும் சேர்ந்து பூட்டப்பட்ட இடம் அதுதான். பூட்டுக்காரர்கள் செய்த அலமாரி என்பதால் அந்த நம்பிக்கை. முரட்டுக் கம்பளியின் பெயர் காஞ்சிபுரம் பட்டு வைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கம்யூனிஸ்ட் கட்சிச் செய்திகளில் வரும் பொலிட்பீரோவின் பீரோவும் இதே சொல். அது அலுவலகம் என்ற படியில் இறங்கிக்கொண்டு ரஷ்யா போய், அங்கிருந்து நம் செய்தித்தாளுக்கு வந்தது.

கப்போர்டு என்றும் சொல்கிறோமே?

அது ஆங்கிலம். முதலில் கோப்பைகளை அடுக்கிக் காட்டும் பலகை, அவ்வளவுதான். கதவு பிறகு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் இது 'கபாத்தி' ஆனது. புது அடுக்ககங்களில் சுவரோடு சேர்த்துச் செய்யும் மர வேலையை இப்போது எல்லோரும் கப்போர்டு அல்லது வார்ட்ரோப் என்கிறார்கள். அலமாரி என்ற சொல்லே பொருத்தமாக இருக்கும் இடத்தில் அது பின்வாங்குவது எனக்கு வருத்தம்தான். நானூறு வருடம் நம் வீட்டில் இருந்த சொல்.

அலமாரிக்கு நம் வீட்டில் வேறு சொந்தங்கள் உண்டா?

உண்டு. காலையில் எழுப்பும் அலாரம். 'ஆயுதம் எடுங்கள்' என்று இத்தாலியக் காவலர்கள் கூவிய 'அல்லார்மே'தான் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக அலாரம் ஆனது. உள்ளே இருப்பதும் அதே அர்மா. ஆர்மியும் அப்படியே. மோட்டார் வைண்டிங் கடையில் கம்பி சுற்றும் ஆர்மேச்சர் கூட இந்தக் குடும்பம்: கவசம் பூட்டுவது என்ற பொருளிலிருந்து வந்த சொல்.

இன்னும் ஆழமாகப் போனால், அர்மாவின் வேர்ப்பொருள் 'பொருத்துவது, இணைப்பது'. கிரேக்கத்தில் அதே வேரிலிருந்து இசைவு என்ற பொருளில் 'ஹார்மோனியா' வந்தது. அதிலிருந்து 1840களில் பாரிசில் ஒரு புதிய வாத்தியத்துக்குப் பெயர் வைத்தார்கள். நம் நாடக மேடைகளை நிறைத்த ஆர்மோனியம் அலமாரிக்குத் தூரத்து உறவு.

தூய தமிழில் என்ன சொல்லலாம்?

நிலைப்பேழை என்று ஒரு சொல் இருக்கிறது. நின்றபடி இருக்கும் பேழை. நன்றாக அமைந்த சொல், பாடநூலிலும் மேடையிலும் பயன்படுத்துபவர்களை நான் மதிக்கிறேன். புத்தகம் வைப்பதற்கு நூலடுக்கு என்பதும் எளிது. ஆனால் அலமாரியை அயல்சொல் என்று வெட்டி எறிய வேண்டும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. இலக்கண வழியில் அது தமிழ் ஆகிவிட்டது: அலமாரியில், அலமாரிக்குள், அலமாரிகளை என்று உருபும் பன்மையும் தடையின்றி ஏறுகின்றன. ஒலியிலும் உறுத்தல் இல்லை. கிரந்த எழுத்துகூட வேண்டாம். பெட்டியை மலாய்க்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டதைப் பெருமையாகச் சொல்லும் நாம், அலமாரி நம்முடையதாகிவிட்டதை ஏன் குறையாக நினைக்க வேண்டும்?

காலதரையும் திறப்பையும் மீட்பது வேறு விஷயம். நம்மிடம் இருந்த சொல்லை மறந்துவிட்டோம் என்றால் அதைத் திரும்ப எடுத்துப் புழங்குவது நல்லதுதான். திறப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது, தமிழகத்தில் நாம் அதைக் கடன் வாங்கினால் போதும்.

எப்படி எழுதுவது சரி: அலமாரி, அலுமாரி, அல்மாரி?

தமிழகத்தில் எழுதினால் அலமாரி, ஈழத்தில் எழுதினால் அலுமாரி. இரண்டும் சரி. அல்மாரி என்பது இந்தி வழக்கு. ஈழத்து எழுத்தாளரின் கதையைத் தமிழகத்தில் பதிப்பிக்கும்போது அலுமாரியை அலமாரி என்று திருத்தாமல் விட்டுவிடுங்கள்.